பருத்திக்குப் பின் பருத்தி: மண் இழப்பதும் திரும்பப் பெறுவதும்

ஒரு ஹெக்டேரில் 2,000 கிலோ பருத்தி விளைந்தால், அதில் ஏறத்தாழ 700 கிலோ பஞ்சு. மீதி 1,300 கிலோ கொட்டை. பஞ்சு பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. அதில் இருப்பவை கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். மூன்றையும் செடி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. 700 கிலோ பஞ்சோடு வயலைவிட்டுப் போகும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் இராது. கொட்டை அப்படியல்ல. அதன் எடையில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு தழைச்சத்து. ஆகவே 1,300 கிலோ கொட்டையோடு 45 கிலோ தழைச்சத்தும், எட்டு கிலோ அளவுக்குப் பாஸ்பரஸும், பஞ்சில் உள்ளதையும் சேர்த்தால் 15 கிலோவை ஒட்டிய பொட்டாசியமும் வெளியேறுகின்றன. ஐந்து டன் மக்காச்சோள மணியோடு ஏறத்தாழ 70 கிலோ தழைச்சத்து போகிறது என்பதை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். அறுவடையில் போவதை மட்டும் கணக்கிட்டால், பருத்தியைப் பேராசை கொண்ட பயிர் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் பருத்தி போன இடமெல்லாம் மண்ணைக் கெடுத்துவிட்டது என்ற பெயர் அதற்கு உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் மத்திய ஆசியாவிலும் சூடானிலும் அந்தப் பெயர் காரணமின்றி வரவில்லை. அறுவடையில் போவது குறைவாக இருந்தும் மண் மெலிகிறது என்றால், மண்ணுக்குத் திரும்பி வராமல் போவது எது என்றுதான் தேட வேண்டும். பயிர்ச் சுழற்சி எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது.

மண்ணில் விழாத சருகு

தானியப் பயிர்கள் அறுவடைக்குப் பின் தட்டையையும் தாளையும் நெருக்கமான சல்லிவேர்களையும் விட்டுச்செல்கின்றன. பருத்தி ஆணிவேர்ப் பயிர். வேரின் மொத்த நீளம் தானியங்களைவிடக் குறைவு. இடைவெளி விட்டு விதைப்பதால் செடிகள் கூடும்வரை பல வாரங்கள் வரிசைகளுக்கிடையே மண் வெறுமையாகக் கிடக்கிறது. களைக்குப் பயந்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்துவதும் இடையுழவு செய்வதும் வழக்கம். கிளறப்பட்ட மண்ணில் காற்றோட்டம் கூடுகிறது. நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள மக்கை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. கடைசியில் எஞ்சுவது மார் எனப்படும் மரத்தன்மை கொண்ட தண்டு. பல நாடுகளில் அதைப் பிடுங்கி எரித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் அடுப்புக்குப் போய்வந்தது.

மண்ணிலுள்ள தழைச்சத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அங்ககப் பொருளுக்குள்தான் கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது கொஞ்சங் கொஞ்சமாக அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் வெளிவருகிறது. பாஸ்பரஸிலும் கந்தகத்திலும் கணிசமான பங்கு அதே இருப்பில்தான் உள்ளது. ஆண்டுதோறும் சிதைவதற்கு ஈடாகச் சருகும் வேரும் மண்ணில் விழாவிட்டால் இருப்பு குறையும். முதல் சில ஆண்டுகளில் சரிவு வேகமாக இருக்கும். எளிதில் சிதையும் பகுதி தீர்ந்ததும் வேகம் தணிந்து, ஒரு தாழ்ந்த மட்டத்தில் நிலைகொள்ளும். அதனால்தான் பல பத்தாண்டுகள் உரமே காணாத பருத்தி நிலம்கூட முற்றிலும் மலடாகிவிடுவதில்லை. சொற்ப மகசூலைத் தந்துகொண்டே இருக்கும்.

சரிவான நிலமாக இருந்தால் மழை இதைவிட வேகமாக வேலையை முடித்துவிடுகிறது. அங்ககப் பொருளும் பாஸ்பரஸும் மேல்மண்ணில்தான் செறிந்திருக்கின்றன; அரிப்பில் முதலில் போவதும் மேல்மண்தான். அமெரிக்காவின் தெற்குப் பீட்மாண்ட் மேட்டுநிலம் 1700-க்கும் 1970-க்கும் இடையே சராசரியாக 7 அங்குல மண்ணை இழந்தது என்பது புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிளின் மதிப்பீடு. அவ்வளவு பேரிழப்புக்குப் பருத்தி மட்டும் பொறுப்பல்ல, ஆனால் பெரும்பங்கு அதற்கு உண்டு. செடியின் இயல்பைவிட, அதைச் சாகுபடி செய்த முறையே அங்கு மண்ணைக் கரைத்தது.

ஆபர்ன் நகரின் ஓர் ஏக்கர்

19-ஆம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து உழவர்களில் பலர் வாரத்துக்கு உழுதவர்கள். விதையும் உரமும் வீட்டுச் சாமானும் கடனாகக் கொடுத்த வணிகர், விளையப்போகும் பருத்தியையே ஈடாகக் கேட்டார். மாற்றுப்பயிர் போடுவது நல்லதா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, கடன் கிடைக்குமா என்ற கேள்வி முடிவைத் தீர்மானித்துவிடும். பருத்திக்குப் பின் பருத்தி என்ற வழக்கத்தை உழவரின் அறியாமை என்று எழுதுவோர் இந்தக் கடன் சங்கிலியை மறந்துவிடுகிறார்கள். அதோடு, முன்பெல்லாம் வயலுக்கே எருவாகத் திரும்பிய பருத்திக்கொட்டை, எண்ணெய் ஆலைகள் பெருகியபின் விலைபோகும் சரக்காயிற்று. கொட்டையில்தான் தழைச்சத்து இருந்தது. அதுவும் வெளியேறத் தொடங்கியது.

இந்தச் சூழலில் 1896-இல் ஜே. எஃப். டக்கர் என்ற பேராசிரியர், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் என அழைக்கப்படும் கல்லூரியின் நிலத்தில் ஓர் ஏக்கரை 13 பாத்திகளாகப் பிரித்து ஒரு சோதனையைத் தொடங்கினார். பயிரை மாற்றிப் போட்டு, குளிர்காலத்தில் பயறினப் பயிரால் நிலத்தை மூடினால், அலபாமா மண்ணில் பருத்தியை நிலையாக விளைவிக்க முடியுமா என்பதே கேள்வி. 'பழைய சுழற்சி' என்ற பெயரில் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. உலகில் மிக நீண்ட காலமாகத் தொடரும் பருத்திச் சோதனை அதுதான். 1988-இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் அந்த வயல் இடம்பெற்றது.

பயறினச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன என்ற செய்தி அப்போது புதியது. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அதை அறிவித்து முழுதாகப் பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. அவர்களின் அறிவிப்பு 1886-இல் வந்தது; விரிவான நூல் 1888-இல். அந்த அறிவு ஆய்வுக்கூடத்தைவிட்டு ஏழை உழவரின் வயலுக்கு வர வேண்டும் என்று முனைந்தவர்களில் இன்னொருவர், ஆபர்னுக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள டஸ்கீகிக்கு அதே 1896-இல் வந்துசேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத்தளையில் பிறந்த அந்த அறிவியலாளர், பருத்தியால் தேய்ந்த நிலங்களில் தட்டைப்பயறும் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் மாற்றிப் பயிரிடச் சொல்லி, எளிய மொழியில் துண்டறிக்கைகள் எழுதினார். தேய்ந்த மண்ணைத் தேற்றுவது பற்றிய அவரது அறிக்கை 1905-இல் வந்தது. உரம் வாங்கக் காசில்லாதவருக்கு எட்டக்கூடிய ஒரே தழைச்சத்து, செடியின் வேரில் விளைவதுதான் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அந்த விளைச்சலைக் கண்ணால் பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் ஒரு தட்டைப்பயறுச் செடியை மண்கட்டி சிதறாமல் மண்வெட்டியால் தோண்டி, வேரை நீரில் அலசினால் கடுகு முதல் மிளகு வரையான பருமனில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. ஆக்சிஜன் மிகுந்தால் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி செயலிழந்துவிடும் என்பதால், ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அதன் வேலை. உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது அல்லது தொடங்கவே இல்லை. பயறு போட்ட நிலத்துக்கு எவ்வளவு தழைச்சத்து கிடைக்கும் என்பதற்கு இதைவிட எளிய முன்னறிவிப்பு வேறில்லை.

பழைய சுழற்சியின் பாத்திகளில் சில ஆண்டுதோறும் பருத்தி மட்டுமே காண்பவை. அவற்றுக்குக் குளிர்காலப் பயறும் இல்லை, தழைச்சத்து உரமும் இல்லை. சிலவற்றில் ஆண்டுதோறும் பருத்தி, ஆனால் குளிர்காலத்தில் செந்நிறக் குளோவர் போன்ற பயறினம் வளர்ந்து, பருத்தி விதைப்புக்குமுன் முழுதும் மண்ணுக்கே போகிறது. ஒரு பாத்தியில் தொடர்பருத்திக்கு ஏக்கருக்கு 120 பவுண்டு, அதாவது ஹெக்டேருக்கு 134 கிலோ தழைச்சத்து உரம். மற்றவற்றில் பருத்தி, மக்காச்சோளம் என்ற ஈராண்டுச் சுழற்சியும், பருத்தி, மக்காச்சோளம், குளிர்காலத் தானியம், அதையடுத்து சோயா என்ற மூன்றாண்டுச் சுழற்சியும் நடக்கின்றன. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் எல்லாப் பாத்திகளுக்கும் கொடுக்கப்படுவதால், பாத்திகளுக்கிடையே தெரியும் வேறுபாடு பெரும்பாலும் தழைச்சத்தாலும் அங்ககப் பொருளாலும் வருவது.

நூறாண்டுக்கு மேல் நடந்த இந்தச் சோதனை சொல்லும் முதல் செய்தி, குளிர்காலப் பயறு மட்டுமே தழைச்சத்து கொடுத்த பாத்திகளும் 134 கிலோ உரம் இட்ட பாத்தியும் ஏறத்தாழ ஒரே மகசூலைத் தந்தன என்பது. ஒரு மூட்டைத் தழைச்சத்து உரமும் இல்லாமல், வெறும் குளோவரால் அந்த மகசூல் வந்திருக்கிறது. பயறும் தழைச்சத்து உரமும் இல்லாத பாத்திகள் வெகுவாகப் பின்தங்கி நின்றன.

இரண்டாவது செய்திக்கு அவ்வளவு கவனம் கிடைப்பதில்லை. மகசூலில் சமமாக நின்ற பாத்திகள் மண்ணில் சமமாக நிற்கவில்லை. நூறாண்டு முடிவில், வெறும் பருத்திப் பாத்தியைவிட மூன்றாண்டுச் சுழற்சிப் பாத்தியில் ஏறத்தாழ இருமடங்கு அங்ககப் பொருள் இருந்தது. குளிர்காலப் பயறு கண்ட பாத்திகள் இரண்டுக்கும் இடையில். உரம் மட்டும் கண்ட பாத்தி, விளைச்சல் தந்தும் அங்ககப் பொருளில் பயறுப் பாத்திகளுக்கு ஈடாகவில்லை. உரம் அந்த ஆண்டுச் செடிக்குப் பசியாற்றுகிறது. குளோவரோ தழைச்சத்தோடு கரிமத்தையும் சேர்த்து மண்ணில் இறக்குகிறது. மழைக்காலத்தில் மண்ணை மூடியும் வைக்கிறது. மண்ணில் கரிமம் கூடும்போது நீர்ப்பிடிப்பும், சத்துகளைப் பிடித்துவைக்கும் திறனும் கூடுகின்றன.

மூன்றாவது செய்தி, சுழற்சி என்ற சொல்லின்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பவர்களுக்கு வேண்டியது. பயறு போட்ட தொடர்பருத்திக்கும், பயறோடு மக்காச்சோளத்தையும் சேர்த்த சுழற்சிக்கும் பருத்தி மகசூலில் வேறுபாடு பெரிதாக இல்லை; சுழற்சியில் சற்றே கூடுதல். பெரிய தாண்டல் பயறைச் சேர்த்ததில்தான் வந்தது. பயிரின் பெயர் மாறியதால் மண் தேறிவிடவில்லை. காற்றிலிருந்து தழைச்சத்தைக் கொண்டுவந்த ஒரு செடி, அறுவடையாகாமல் முழுதுமாக மண்ணில் தங்கியதால் தேறியது.

இந்தச் சோதனையை எடைபோடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அது தொடங்கியபோது வேளாண் சோதனைகளுக்கான புள்ளியியல் முறை உருவாகியிருக்கவில்லை. அதை ரொனால்டு ஃபிஷர் 1920-களில்தான் வகுத்தார். 13 பாத்திகளும் இன்றைய முறைப்படி மீள்செய்யப்பட்டவை அல்ல. சிறு வேறுபாடுகளை இதை வைத்து நிறுவ முடியாது. ஆனால் மேலே சொன்ன பெரிய வேறுபாடுகள் பல தலைமுறைப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்திருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

பயறு கொண்டுவராத சத்துகள்

பயறு காற்றிலிருந்து பிடிப்பது நைட்ரஜன் ஒன்றைத்தான். பாஸ்பரஸும் பொட்டாசியமும் கால்சியமும் பாறைச் சத்துகள். அவற்றைச் செடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவரலாம், கரையாததைக் கரைத்துக் கொடுக்கலாம், புதிதாக உண்டாக்க முடியாது. ஆபர்னிலேயே 1911-இல் தொடங்கிய இன்னொரு வயல் இதை விளக்குகிறது. கல்லர்ஸ் சுழற்சி என்ற அந்தச் சோதனையில் எல்லாப் பாத்திகளிலும் ஒரே மூன்றாண்டுச் சுழற்சிதான். ஒவ்வொன்றிலும் ஒரு சத்து நிறுத்தப்படுகிறது. சாம்பல்சத்து நிறுத்தப்பட்ட பாத்தியில் மக்காச்சோளம் ஓரளவு விளைய, பருத்தி அநேகமாக ஒன்றும் தருவதில்லை. சுண்ணாம்பு காணாத பாத்தியிலோ அமிலம் ஏறி, அலுமினியம் கரைந்து வேரைக் கருக்குவதால் எந்தப் பயிரும் தலைதூக்குவதில்லை. அருமையான சுழற்சி நடந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவும் நிகழ்கின்றன.

பொட்டாசியத்தில் பருத்திக்கு ஏன் இவ்வளவு பலவீனம்? வேர்ப்பரப்பு குறைவு என்பது ஒரு காரணம். காய் பிடித்துத் திரளும் சில வாரங்களில் தேவை சட்டென்று உச்சத்துக்கு ஏறுவது இன்னொன்று. பஞ்சு இழை நீள்வதற்குத் தேவையான உள்ளழுத்தத்தைத் தருவது பொட்டாசியம். காயின் ஓட்டில் அது பெருமளவு குவிகிறது. அந்த நேரத்தில் வேரால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் செடி தன் இலைகளிலிருந்து உருவி எடுக்கிறது. முதலில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் புள்ளிகள். பிறகு இலையின் ஓரம் செம்பு நிறமாகிக் காய்ந்து, விளிம்பு கீழ்நோக்கிச் சுருளும். இலை உரிய காலத்துக்கு முன்பே உதிரும். நுனிக் காய்கள் சிறுத்து, வெடித்தும் வெடிக்காமலும் செடியிலேயே நின்றுவிடும். நோயென்று எண்ணி மருந்தடிக்கிறவர்கள் உண்டு.

வயலைவிட்டுப் போகும் விளைபொருளில் பொட்டாசியம் குறைவு என்று தொடக்கத்தில் பார்த்தோம். செடி எடுத்ததில் பெரும்பகுதி இலையிலும் தண்டிலும் காய் ஓட்டிலும்தான் இருக்கிறது. ஆகவே சருகும் மாரும் வயலிலேயே தங்கினால் இழப்பு சிறிது. பிடுங்கி வெளியேற்றினால் பல மடங்கு. பருத்தி நிலத்தின் சாம்பல்சத்துக் கணக்கு இந்த ஒரு முடிவையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

முன்பயிரின் நிழல்

பருத்திக்கு முன் நின்ற பயிர் எது என்பது பல இடங்களில் உர அளவையே மாற்றிவிடும். நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் இடையே, சென்னார் அணையின் நீரைக் கொண்டு 1925-இல் தொடங்கிய சூடானின் கெசிரா பாசனத் திட்டம் இதற்கு நல்ல சான்று. அங்குள்ள மண் காரத்தன்மை கொண்ட கருங்களி. அங்ககக் கரிமமும் தழைச்சத்தும் மிகக் குறைவு. 1930-களின் தொடக்கத்தில் நோய்களால் மகசூல் விழுந்ததும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பருத்தி என்று சுழற்சியை நீட்டினார்கள். இடையில் சோளமும் மொச்சையும் தரிசும் வந்தன. நிலம் தரிசாகக் கிடந்த காலத்தில் சிதைவு நடந்து நைட்ரேட் சேர்ந்தது. தரிசுக்குப் பின் வந்த பருத்தி செழித்தது. சோளத்தை அடுத்து வந்த பருத்தி மெலிந்தது.

காரணம், கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். சோளத்தட்டையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு அறுபது எழுபது பங்கு கரிமம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தட்டையில் உள்ள நைட்ரஜன் போதாமல், மண்ணில் கரைந்திருப்பதையும் எடுத்துக்கொள்கின்றன. அடுத்த பயிர் விதைத்த சில வாரங்களுக்கு மண்ணில் தழைச்சத்துப் பஞ்சம். விகிதம் இருபத்தைந்துக்குக் கீழே இருக்கும் இளம் பயறுச் செடிகளை மடக்கி உழுதால் இதற்கு நேர்மாறு: சிதைவு தொடங்கிய சில வாரங்களிலேயே தழைச்சத்து மிச்சமாகி மண்ணுக்கு வருகிறது. ஆனால் சோளத்தட்டை தரும் கரிமம் நீடித்து நிற்கும். இளம் பயறின் கரிமம் விரைவில் தீர்ந்துவிடும். நல்ல சுழற்சிக்கு இரண்டும் தேவை என்பது இதனால்தான்.

சோவியத் காலத்து உஸ்பெகிஸ்தானில் மூன்றாண்டு குதிரைமசால், அதன்பின் ஆறேழு ஆண்டு பருத்தி என்ற சுழற்சியை வேளாண் அறிஞர்கள் வகுத்திருந்தார்கள். குதிரைமசாலின் ஆழ்ந்த வேர் தழைச்சத்தும் அங்ககப் பொருளும் சேர்த்ததோடு, நிலத்தடி நீர்மட்டத்தையும் தாழ்த்தி உப்பு மேலேறாமல் தடுத்தது. பருத்தி இலக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏற்றப்பட்டபோது முதலில் சுருங்கியது குதிரைமசால் பரப்புதான். மண் மக்கு குறைந்தது. வெர்ட்டிசிலியம் வாடல் நோய் பரவியது. இழப்பை ஈடுகட்ட உரம் கொட்டப்பட்டது. திட்டமிட்டவர்களுக்கு மண்ணியல் தெரியாமல் நடந்ததல்ல இது. தெரிந்தே கைவிடப்பட்ட சுழற்சி என்பதால் அதன் இழப்பு மேலும் வருந்தத்தக்கது.

எந்தச் சுழற்சியும் நன்மைதான் என்றும் சொல்லிவிட முடியாது. பருத்தி தன் வேரோடு இணைந்து வாழும் வேர்ப்பூஞ்சைகளின் துணையால்தான் பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் பெருமளவு பெறுகிறது. அந்தப் பூஞ்சைகள் உயிருள்ள வேரின்றி நெடுங்காலம் வாழா. கடுகுக் குடும்பத்துப் பயிர்களின் வேரில் அவை தங்குவதில்லை. நெடுநாள் தரிசுக்குப் பின் விதைத்த பயிர்கள், மண்ணில் பாஸ்பரஸும் துத்தநாகமும் இருந்தும் அவை கிட்டாமல் குன்றியது ஆஸ்திரேலியக் கருமண் பகுதிகளில் கண்டறியப்பட்டது. மறுபக்கம், தொடர்பருத்தி என்றாலே மண் மெலியும் என்பதும் சரியல்ல. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் நெடுங்காலத் தொடர்பருத்தி நிலங்களில் மாரை முழுதும் நொறுக்கி மண்ணிலேயே சேர்த்துவரும் இடங்களில் அங்ககக் கரிமம் கூடியிருக்கிறது. நோய்த்தொல்லை அங்கும் உண்டு. ஆனால் சத்துக் கணக்கைத் தீர்மானிப்பது மண்ணுக்குத் திரும்பும் சருகின் அளவே.

கரிசலின் கணக்கு

ஆபர்னின் பாடத்தைக் கோவில்பட்டிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆபர்னில் ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் குளோவர், கோடையில் பருத்தி என இரண்டுக்கும் ஈரம் இருக்கிறது. தென்தமிழகக் கரிசலில் மழை அதில் ஏறக்குறைய பாதி, அதுவும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஆண்டுக்கு ஒரு மானாவாரிப் பருவம்தான். பருத்திக்கு முன் தனியாகப் பசுந்தாள் பயிர் வளர்க்க ஈரம் இராது. எனவே கரிசலின் சுழற்சி பருவத்துக்குள் நடப்பதில்லை. ஓராண்டு பருத்தி, மறு ஆண்டு கம்பு அல்லது சோளம் என ஆண்டுகளுக்கிடையே நடக்கிறது. இரண்டிலும் உளுந்தோ பாசிப்பயறோ ஊடுபயிர். ஆழத்தில் உள்ள ஈரத்தையும் சத்தையும் பருத்தியின் ஆணிவேரும், மேல்மண்ணில் உள்ளதைக் கம்பின் சல்லிவேரும் எடுக்கின்றன. பெரியவர்கள் அனுபவத்தால் அமைத்த இந்த ஒழுங்கு மண்ணியல் கண்ணோடு பார்த்தாலும் சரியானதே.

ஆனால் உளுந்து ஊடுபயிர் போட்டதாலேயே மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ந்துவிட்டது என்று கொள்வது தவறு. ஒரு ஹெக்டேரில் 500 கிலோ உளுந்து விளைந்தால் அந்த மணியோடு ஏறத்தாழ 19 கிலோ தழைச்சத்து வெளியேறுகிறது. செடியைப் பிடுங்கி, களத்தில் அடித்து, மணி நீங்கிய பொட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டால் வயலில் எஞ்சுவது உதிர்ந்த இலையும் அறுந்த வேரும் மட்டும். செடி காற்றிலிருந்து பிடித்ததும் வயலைவிட்டுப் போனதும் பெரும்பாலும் சரிக்குச் சரியாகிவிடும். அந்தப் பொட்டைத் தின்ற மாட்டின் எரு அதே வயலுக்குத் திரும்பினால் கணக்கு மாறும். மாடு குறைந்த ஊர்களில் இந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. உளுந்தை அரிவாளால் அறுத்து வேரை மண்ணிலேயே விடுவதும், களத்துப் பொட்டில் ஒரு பங்கையாவது வயலுக்குக் கொண்டுவருவதும் செலவில்லாத திருத்தங்கள்.

கரிசல் மண்ணில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குக் கீழே. மண் பரிசோதனை அறிக்கை இதைக் 'குறைவு' என்றே குறிக்கும். மண்ணின் கார அமில நிலை எட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால் மேலாகத் தூவிய யூரியா அம்மோனியாவாகப் பறக்கிறது. மணிச்சத்து கால்சியத்தோடு கட்டுண்டுவிடுகிறது. துத்தநாகமும் இரும்பும் செடிக்கு எட்டாத நிலையில் கிடக்கின்றன. சாம்பல்சத்து மட்டும் அறிக்கையில் பெரும்பாலும் 'மிகுதி' என்று வரும். கரிசலின் களிமண் அதைத் தன் அடுக்குகளில் நிறைய வைத்திருக்கிறது. இந்த ஒரு சொல்லை நம்பிப் பொட்டாஷை அடியோடு விட்டவர்கள் பலர். களியின் அடுக்குகளிலிருந்து பொட்டாசியம் வெளிவரும் வேகம் காய் திரளும் வாரங்களின் தேவைக்கு ஈடுகொடுக்குமா என்பது அந்த அறிக்கையில் தெரியாது. ஒரே நேரத்தில் நிறையக் காய் பிடிக்கும் இன்றைய வீரிய ஒட்டு இரகங்களில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

காவிரிப் படுகையின் நெல் தரிசுப் பருத்தி வேறு வகை. சம்பா அறுவடைக்குப் பின் தை, மாசியில் ஊன்றப்படும் இந்தப் பருத்திக்கு முன்பயிர் நீரில் நின்ற நெல். தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு உருமாறும்போது அதோடு கட்டுண்ட பாஸ்பரஸ் விடுபடுகிறது. நெல்லுக்கு அது ஆதாயம். நீர் வடிந்து மண் காய்ந்ததும் இரும்பு புதிதாக ஆக்சைடாகி, முன்பைவிட இறுக்கமாகப் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்கிறது. நெல்லுக்குப் போதுமானதாக இருந்த மணிச்சத்து பருத்திக்குப் போதாமல் போவது இதனால்தான். நெல்லுக்கு இட்டதில் மிச்சம் இருக்கும் என்று கருதிப் பருத்திக்கு அடியுரத்தைக் குறைத்தால் இளஞ்செடி பல வாரங்கள் வளர்ச்சியின்றி நிற்கும்.

கரிசலில் எஞ்சும் பெரிய கேள்வி மார். எரிவாயு அடுப்பு வந்தபின் விறகாக அதற்கிருந்த தேவை குறைந்திருக்கிறது. அதை வரப்பில் குவித்து எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் புகையாகிவிடுகின்றன. பொட்டாசியம் சாம்பலில் தங்கினாலும், வயல் முழுதும் சேராமல் வரப்பில் ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது. வயலிலேயே நிற்கவிட்டால், வெடிக்காத காய்களில் தங்கியிருக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தாவும். அறுவடை முடிந்தவுடன் கருவியால் மாரை நொறுக்கி உழுதுவிடுவதே இரண்டு இடர்களையும் தவிர்க்கும் வழி. ஆனால் மரத்தன்மை கொண்ட மாரில் கரிமம் மிகுதி. விதைப்புக்குச் சற்று முன் உழுதால், சோளத்தட்டையைப் போலவே இளம் பயிரின் தழைச்சத்தை அது பறிக்கும். சித்திரையில் நொறுக்கி, கோடைமழை ஈரத்தில் கொஞ்சம் தொழு உரத்தோடு மடக்கி உழுதால் புரட்டாசி விதைப்புக்கு ஐந்து மாத இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் மாரின் பொட்டாசியம் முதல் சில மழைகளிலேயே கரைந்து மண்ணில் இறங்கிவிடும். கரிமத்தில் ஒரு பங்கு மக்காகித் தங்கும். தழைச்சத்து அடுத்தடுத்த பருவங்களில்தான் மெல்ல வெளிவரும்.